சுங்குவார்சத்திரம் எந்த நாட்டில் இருக்கிறது

1

நேற்று போகி. காலையில் கைப்பேசியைத் திறந்ததும் அது என்னைக் காட்டிக்கொடுத்தது. ‘ஓராண்டுக்கு முன் இதே நாளில் நீங்கள் பகிர்ந்தது’ என்று போட்டு, நான் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்த பதிவை முகத்துக்கு நேரே நீட்டியது. படத்தில் ஒரு தெரு, தெரு நடுவே தீ, தீக்கு முன்னால் பூப்போட்ட நைட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெண்ணின் முதுகு. அந்த முதுகு எங்கள் வீட்டுக்காரம்மா தனம் அக்காவுடையது. அந்தப் படத்தால் எனக்கு வீடு போக இருந்தது. வீட்டோடு சேர்ந்து வேலையும் போக இருந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கதை மதினி வழியாகக் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கும். மதினி சொன்னால் உப்பு புளி கூடத்தான் இருக்கும். அதனால் இன்று பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘வந்த இடத்தில் கண்டது’ என்று இணையத்தில் ஒரு குழு. வெளிநாடுகளில் குடியேறிய தமிழர்கள், போன இடத்தில் கண்ட விசித்திரங்களை அதில் போடுவார்கள். இந்த நாட்டில் பனியில் தள்ளுவண்டியை நிறுத்திக் கைக்குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள் என்று ஒருவர் எழுதுவார். அந்த நாட்டில் தர்ப்பூசணியைச் சதுரமாக வளர்க்கிறார்கள் என்று இன்னொருவர் படம் போடுவார். கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. படித்துப் படித்து, நாமும் எழுதினால் என்ன என்று கை அரித்தது.

சேர்வதற்கு ஒரு கேள்விதான். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள்? சுங்குவார்சத்திரம் என்று போட்டேன். குழுவை நடத்துபவர் நார்வேயில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். அவரிடமிருந்து பதில் வந்தது. “தங்கச்சி, சுங்குவார்சத்திரம் எந்த நாட்டில இருக்கு?”

தமிழ்நாட்டில்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள் அண்ணா, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதினேன். கடைப் பலகையில் கொரிய எழுத்து இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் இந்தி கேட்கிறது, ஒடியா கேட்கிறது. நான் ஊருக்குப் போக சிங்கப்பெருமாள் கோயில் வரை ஒரு பஸ், அங்கிருந்து விடிய விடிய ஒரு பஸ், அப்புறம் மினி பஸ். துபாயில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் என்னைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிவிடுகிறான். அப்படியிருக்க யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார். “வாங்கோ.”

2

அன்று முதல் நான் எழுதித் தள்ளினேன்.

வந்த புதிதில் டீக்கடையில் ஒருவர் “இன்னாம்மா, நாஷ்டா துன்னியா?” என்று அன்பாகக் கேட்டதும், நான் அவரை முறைத்துவிட்டு வந்ததும் முதல் பதிவு. நம் பக்கம் கோபம் வந்தால்தானே ஒரு மனுசியைப் பார்த்துத் ‘தின்னியா’ என்று கேட்போம். இங்கே அது வெறும் விசாரிப்பு என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அந்த மனிதர் தினமும் விசாரித்தார், நானும் தினமும் முறைத்தேன்.

ஆடி மாதத்தைப் பற்றி ஒரு பதிவு. தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கூடவே கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வரும். முதல் வருடம் தனம் அக்கா கூப்பிட்டபோது, எனக்குப் பசியில்லை, வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வோணாம்னு சொல்றதுக்கு இது இன்னா டீயா? போய் சொம்ப எடுத்துக்கினு வா.” எடுத்துக்கொண்டுதான் போனேன். மறு வருடத்திலிருந்து அவர் கூப்பிடுவதற்கு முன்பே சொம்போடு நின்றேன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்கள் லைனில் இருக்கும் ரோபோ கைகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததையும், ஒரகடத்தில் என் வீட்டுக்காரர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதையும் எழுதினேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர், ரோபோ குங்குமத்தை அழித்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். இல்லை, எங்கள் சூப்பர்வைசரைவிட அது பொறுமைசாலி என்று பதில் போட்டேன். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தலை கனத்துப் போனது உண்மை.

நம் பிள்ளை சுபாவைப் பற்றியும் எழுதியிருந்தேன். நான்காம் வகுப்பு படிக்கிறாள். மதினி போன் செய்தால் இவள் எடுத்து, “அத்த, இன்னா பண்ணிகினு கீற?” என்பாள். பிறகு மதினி என்னிடம், “என்ன மாரி, பிள்ள என்னைய நீ நான்னு பேசுதா, யாரு வீட்டுப் பிள்ள இது?” என்பார். என் பிள்ளைதான். ஆனால் நானும் அவள் அப்பாவும் மாறி மாறி ஷிப்டுக்குப் போக, பள்ளி விட்டு வந்த நேரமெல்லாம் அவள் இருப்பது தனம் அக்கா வீட்டுக் கூடத்தில். அங்கே சாப்பிட்டு, அங்கே சீரியல் பார்த்து, சில நாள் அங்கேயே தூங்கிவிடுவாள். தாய்மொழி என்று பள்ளியில் எழுதச் சொன்னால் தமிழ் என்று எழுதுவாள், ஆனால் எந்தத் தாயின் மொழி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

குழுவில் எழுதாத ஒன்றும் உண்டு. எங்கள் ரேஷன் கார்டு இன்னும் ஊர் முகவரியில்தான் இருக்கிறது. மாற்றலாம் என்று ஒருமுறை இ-சேவை மையத்துக்குப் போனேன். ஆதார் கேட்டார்கள், கரண்டு பில் கேட்டார்கள், வீட்டுக்காரம்மாவின் கையெழுத்து கேட்டார்கள், எல்லாம் கொடுத்தேன். கடைசியில் கணினிக்குப் பின்னால் இருந்த பையன் சாதாரணமாகக் கேட்டான், “இங்கியே பர்மனென்ட்டா இருக்கப் போறீங்களாக்கா?” வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டிலும் யாரிடமும் கேட்கவில்லை.

3

இனி போன வருடப் போகி.

நம் பக்கம் அன்றைக்கு என்ன செய்வோம்? வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசலில் செருகுவோம். காப்புக் கட்டாமல் பொங்கலுக்கு அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். இங்கே அன்றைக்கு விடியற்காலையில் வீட்டில் இருக்கும் பழசையெல்லாம் வாசலில் போட்டு எரிப்பார்கள். பிள்ளைகள் சின்ன மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவே அதிர அடிப்பார்கள். ஒரே நாள். அங்கே கட்டுகிறோம், இங்கே கொளுத்துகிறார்கள்.

மதினி வருடா வருடம் காப்புக்கான கொத்தைப் பனங்கிழங்கோடு சேர்த்து பஸ்ஸில் போட்டுவிடுவார். என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோயிலில் போய்க் காத்திருந்து வாங்கிவருவார். பஸ் வயிற்றுக்குள் வெந்து வாடி வருவதால், அது வந்து சேரும்போது தேய்ந்த துடைப்பத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. போன வருடமும் அப்படி வந்ததைத் தண்ணீர் தெளித்து மாடிப்படி ஓரம் சாத்தி வைத்துவிட்டு நான் ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.

காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிட்டது. ஊரெல்லாம் புகை. எங்கள் வாசல் தீயில் மட்டும் ஒரு பச்சை வாசனை. ஆவாரம்பூ வேகிற வாசனை எனக்குத் தெரியாதா? ஓடிவந்து பார்த்தால் மாடிப்படி ஓரம் காலி. தீயின் ஓரத்தில் மதினி கொத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய சேலைக் கிழிசலின் முனை மட்டும் கருகிக்கொண்டிருந்தது.

தனம் அக்கா மலர்ந்த முகத்தோடு திரும்பினார். “வா மாரி, இன்னிக்கு நெருப்பு சூப்பரா புடிச்சிகிச்சி. கை காலு கழுவிகினு வா, டீ போடறேன்.”

“அந்தக் கொத்து எங்கக்கா? மாடிப்படியில வச்சிருந்தேனே.”

“எந்தக் கொத்து?” என்றார். பிறகு தீயைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்கத்தில் சுபா மேளத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, குச்சியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பழசுன்னு நெனச்சி போட்டுட்டேம்மா,” என்றார் தனம் அக்கா. “தப்பா எடுத்துக்காத.”

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க நின்ற கால்கள், தூங்காத கண், காப்புக் கட்டாமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று மதினி சொல்லி அனுப்பிய சொல். அவருக்குப் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய், மேலேயிருந்து ஒரு படம் எடுத்து, குழுவில் எழுதினேன். ‘இந்த ஊரில் பொங்கலை வரவேற்கும் முறை: குடித்தனக்காரர்களின் காப்பைத் திருடிக் கொளுத்துவது.’ திருடி என்ற சொல் அந்த நேரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எழுதிவிட்டுத் தூங்கிப் போனேன். எழுந்து பார்த்தால் என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னோடு பேசியதில்லை. தோஹாவிலிருந்து ஒருவர் அந்த அம்மாவைப் போலீசில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நியூஜெர்சியிலிருந்து ஒருவர் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பண்பாடே கிடையாது என்றார். இன்னொருவர் அந்த நைட்டியையும் விட்டுவைக்கவில்லை. கம்பெனியில் வருடக் கணக்காக ‘குட்’ என்ற ஒரு சொல்லுக்கு ஏங்கியவள் நான். படிக்கப் படிக்க இனித்தது என்று சொன்னால் நீங்கள் திட்டாதீர்கள்.

4

காணும் பொங்கலன்று தனம் அக்காவின் தங்கை வாலாஜாபாத்திலிருந்து வந்தார். வந்தவர் கையில் போன், போனில் என் பதிவு. எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். அந்த நைட்டித் துணியை அக்காவும் தங்கையும் காஞ்சிபுரத்தில் ஒரே கடையில் எடுத்தார்களாம்.

அன்று சாயங்காலம் எங்கள் போர்ஷனுக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் தனம் அக்கா வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மறுநாள் காலை அவரே வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“கொயந்தைக்கு முழுப்பரிச்ச முடியிற வரிக்கும் இரு. அப்பால வூட்டக் காலி பண்ணிடு.”

“அக்கா, நான் உங்க பேரு கூடப் போடல...”

“பேரு போடலன்னா? என் முதுக எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “எழுதுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்ல. இப்ப எவன் வீடு குடுப்பான்?” வீடு கிடைக்கும். சுங்குவார்சத்திரத்திலிருந்து பென்னலூர் வரை திரும்பிய பக்கமெல்லாம் ‘டு லெட்’ பலகை தொங்குகிறது. ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் நம் பிள்ளையைத் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ளும் கூடம் எந்தப் பலகையிலும் தொங்குவதில்லை. தனம் அக்கா இல்லையென்றால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். அது யார் என்று எங்களுக்குள் பேச்சே வரவில்லை. நான்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் கட்டுவதற்காக லாஃப்டிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினோம். டிவி பெட்டி, மிக்சி பெட்டி, ஃபேன் பெட்டி, கிரைண்டர் பெட்டி. வாங்கிய எதன் பெட்டியையும் நாங்கள் எறிந்ததில்லை. ஊருக்குத் திரும்பும்போது அடிபடாமல் கொண்டுபோக வேண்டாமா? டிவி பெட்டியில் வந்த டிவி கெட்டுப்போய், அதை எக்சேஞ்சில் போட்டு வேறு வாங்கி, அதற்கும் பெட்டி இருந்தது. பழைய பெட்டி மட்டும் எதற்கென்று தெரியாமல் பத்திரமாக இருந்தது.

பெட்டிகளைப் பார்த்ததும் சுபா அழ ஆரம்பித்தாள். “மெய்யாலுமே போறோமா?”

“போகத்தான் வேணும். அவுகதான் போகச் சொல்லிட்டாகளே.”

“தனம் பெரிம்மா இன்னாம்மா பண்ணுச்சி? பழசு எதனா கீதான்னு கேட்டுச்சி. நான்தான் அந்தத் தொடப்பத்த எடுத்தாந்து குடுத்தேன்.”

கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தேன். “எந்தத் தொடப்பத்தை?”

“அதான், அத்த அனுப்புனது. தொடப்பம்னு நெனச்சேன். அம்மா அடிக்கும், சொல்லாதன்னு பெரிம்மாகிட்ட அழுதேன். பெரிம்மா சொல்லவே இல்ல.”

5

கீழே போனேன். தனம் அக்கா கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏன்க்கா சொல்லல?”

“இன்னாத்த?”

“சுபாதான் எடுத்துக் குடுத்தாள்னு. ஊரு உலகமெல்லாம் உங்கள அந்தப் பேச்சுப் பேசுச்சே. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா கொயந்தைய அடிப்ப,” என்றார். கடலை ஓட்டை ஊதிவிட்டு, “திட்னவன் எவனும் என் வூட்டாண்ட வந்து திட்டல. அவன் கெடக்கறான் எங்கியோ. நீ இங்கியே இருந்துகினு, என் கூழக் குடிச்சிகினு, என்னத் திருடின்னு எழுதன பாரு, அதான் மாரி.”

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடலை உரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், “ஆமா, அது இன்னா செடிதான் அது? அப்டி என்ன தங்கமா?”

கைப்பேசியில் சிறுபீளைப் படத்தைக் காட்டினேன். அவர் போனை வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இதுவா? இது உன் கம்பெனி மதிலாண்ட மொளச்சிக் கெடக்குதே. நீ தினிக்கும் பஸ்ல ஏறியிறங்கற எடம். இத்தயா பஸ்ஸு வெச்சி வரவைக்கிற?”

பதினான்கு வருடமாக அந்த மதிலோரம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். காத்திருக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நாட்டில் என்ன விசித்திரம் என்று படித்துக்கொண்டிருப்பேன். காலடியைப் பார்த்ததில்லை.

அன்றே குழுவில் உண்மையை எழுதினேன். கொடுத்தது என் மகள், வாய் திறக்காமல் இருந்தவர் எங்கள் வீட்டுக்காரம்மா, திருடி என்று எழுதியது என் அதிகப்பிரசங்கித்தனம் என்று. அதை ஏறிட்டுப் பார்த்தவர்கள் சொற்பம். தோஹாக்காரர், ‘முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது’ என்றார்.

தனம் அக்காவுக்கு அது போதவில்லை. “நீயே எங்களப் பத்தி எழுதிகினு இருந்தா எப்டி? என்னையும் அதுல சேத்து வுடு. எனக்கும் எழுதத் தெரியும். நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது.”

தண்டனை இதுதான் என்று எனக்குப் புரிந்தது. நார்வே அண்ணனுக்கு எழுதினேன். அவர் வழக்கம்போல எந்த நாடு என்று கேட்டார். தனம் அக்கா யோசிக்கவே இல்லை. “சுங்குவார்சத்திரம்னு போடு. நான் பொறந்த ஊர் இது இல்லன்னும் போடு. அப்போ இங்க ஏரிக் கால்வா இருந்துச்சி, இப்போ பூரா லைட்டுக் கம்பமாகீது. நான் எங்கியும் போவல, ஊருதான் போயிடுச்சி, அதுக்கு நான் இன்னா பண்றது?” அண்ணன் என்ன நினைத்தாரோ, சேர்த்துக்கொண்டார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல என் கையாலேயே தட்டினேன்.

“எங்க வூட்ல தெற்கத்திக்காரங்க குடியிருக்காங்கோ. நல்லவங்கதான். இட்லிக்குக் கூட எண்ணெய ஊத்திக் குளிப்பாட்டுவாங்கோ. ஊர்ல இருந்து பொட்டலம் வந்தா அன்னிக்குத்தான் சிரிப்பாங்கோ. தண்ணி நல்லால்ல, காத்து நல்லால்லன்னுவாங்கோ. ஆனா ஓட்டி வந்தா ஒரு நாளும் லீவு போட மாட்டாங்கோ.”

ஓட்டி என்றது ஓவர்டைம். நான் சிரித்துக்கொண்டே தட்டினேன். நியாயமாகத்தான் இருந்தது.

“எது வாங்குனாலும் அதோட பொட்டிய தூக்கிப் போட மாட்டாங்கோ. லாஃப்ட் பூரா வெறும் பொட்டிதான். ஏன்னு கேட்டா, ஊருக்குப் போவச்சே வேணும்னு சொல்லுவாங்கோ. பொங்கலுக்குப் பொங்கல் நான் அந்தப் பொட்டிய அண்ணாந்து பாக்கறது. கீயே எறக்கிட்டாங்களான்னு. எறக்கலன்னா அந்த வருசம் கொயந்த நம்ம வூட்லதான்னு நெனச்சிக்கறது.”

என் விரல் நின்றுவிட்டது.

“இன்னா நிறுத்திட்ட? டைப் பண்ணு,” என்றார் தனம் அக்கா. அவர் சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டினேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. அதற்கு வந்த லைக்குகள் நான் அத்தனை மாதம் எழுதியதற்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். ‘அம்மா, எங்கள் வீட்டு நிலவறையிலும் பெட்டிகள் இருக்கின்றன’ என்று டொரொண்டோவிலிருந்து ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே ஒவ்வொருவராக வந்து, தன் வீட்டுப் பெட்டிகளைப் படம் எடுத்துப் போட்டார்கள்.

6

முழுப்பரீட்சை முடிந்தது. காலி பண்ணு என்று சொன்னதைத் தனம் அக்கா திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். மோட்டார் மட்டும் நேரத்துக்கு ஓடியது. இறக்கிய பெட்டிகளைத் திரும்ப ஏற்றினால் அதற்கு ஏதோ அர்த்தமாகிவிடும், கட்டினாலும் அர்த்தமாகிவிடும். அதனால் அவை மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தன. ஒவ்வொருவரும் இடித்துக்கொண்டு திட்டிக்கொண்டு போனோம். ஆடிக் கூழுக்கு நான் சொம்போடு போனபோது தனம் அக்கா, “அந்தப் பொட்டியில கால இடிச்சிக்காம வா,” என்றார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று விடியற்காலை சுபா மேளத்தோடு வாசலில் நின்றாள். தனம் அக்கா தீ மூட்டிவிட்டு, போன வருடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். “உங்க வூட்ல பழசு எதனா கீதா?”

சுபா இந்தத் தடவை எதையும் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “அம்மா, கீதா?”

மாடிப்படி ஓரம் காப்புக் கொத்து இருந்தது. இந்த வருடம் பஸ்ஸில் வரவில்லை. முந்தின நாள் கம்பெனி மதிலோரம் நானும் தனம் அக்காவும் பறித்துவந்தது. செக்யூரிட்டி எதற்கு என்று கேட்டதற்கு, “எங்க ஊர் வழக்கம்” என்று தனம் அக்கா முந்திக்கொண்டு சொன்னார். அது யார் ஊர் என்று நான் திருத்தப் போகவில்லை. கொத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகள்.

நான் டிவி பெட்டியைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் படியிலிருந்து, “ஏய், அது இல்லாம ஊருக்கு எப்படிக் கொண்டு போக?” என்றார். சொல்லிவிட்டு, எதை என்று அவரே யோசித்தார். அந்த டிவி போய் வருடங்கள் ஆயின. இறங்கிவந்து கிரைண்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“தெர்மாகோல வெளிய எடு, மூச்சடைக்கும்,” என்றார் தனம் அக்கா. குரல் வழக்கம்போல அதட்டலாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி தீயில் விழும்போது அவர் பார்க்கவில்லை. துண்டை முகத்துக்குக் கொடுத்து, புகை என்றார். காற்று அந்தப் பக்கம் அடிக்கவே இல்லை. சுபா அடித்த அடியில் அந்த மேளத்தின் தோல் கிழிந்தது.

சாயங்காலம் இரண்டு வாசலிலும் காப்புக் கட்டினோம். இன்று காலை இரண்டு அடுப்பிலும் பால் பொங்கியது. மதினி, வீடியோவில் பார்த்துவிட்டு, சிறுபீளை நம் ஊர்ச் செடி மாதிரி இல்லை என்று சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். விடுமுறை முடிந்ததும் இ-சேவை மையத்துப் பையனிடம் போக வேண்டும். அவன் கேள்வியை மறந்திருப்பான், நான்தான் பதிலோடு போய் நிற்பேன்.

இதை எழுதுவதற்கு முன்பு குழுவிலிருந்து என்னை நீக்கிவிடும்படி நார்வே அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். வெளியூரில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் குழு, விதி விதிதானே. தனம் அக்காவைக் கேட்டேன், நீங்களும் வருகிறீர்களா என்று. “நான் இன்னாத்துக்கு? எனக்கு எத்தினி பேரு லைக்கு போடறாங்கோ தெரியுமா?” என்று மறுத்துவிட்டார். இனி நான் அவருக்கு டைப் பண்ணிக் கொடுக்க மட்டும்தான்.

அண்ணனுடைய பதில் இப்போதுதான் வந்தது. “ஏன் தங்கச்சி, எந்த நாட்டுக்குப் போறியள்?”

எங்கேயும் போகவில்லை அண்ணா, அதனால்தான் என்று எழுதினேன்.